வரிசை 417

காலாப்பட்டில் கடல் கேட்காத அறை ஒன்று உண்டு.
குளிர்சாதனத்தின் இரைச்சல் அலையை விழுங்கிவிடும்.
இருபது டிகிரி. பன்னிரண்டு மணி நேர வெளிச்சம்.
தட்டுத் தட்டாய் நெல் நாற்று.
எல்லாம் பச்சை,
417 மட்டும் வெள்ளை.

மல்லிகை வெள்ளை என்று நினைத்துவிடாதீர்கள்.
நான்கு நாள் கழித்துப் பிளாஸ்திரி பிரித்த
விரலின் தோல் அது.
பதினேழாம் நாள் நோட்டில் எழுதினேன்:
பிழைக்காது.

இலைக்குள் பசுங்கணிகம்.
ஒரு காலத்தில் தண்ணீரில் தனியே திரிந்தது,
யாருக்கும் கணக்குக் காட்டாமல்.
இன்று அதன் கையில் மிச்சம்
நூறு சொச்சம் மரபணு,
வட்டமாய் வளைத்த ஒரு சின்ன ஏடு.
மற்ற ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு
உட்கருவிடம்தான் மனுப் போட வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்.
சட்டமன்றம் உண்டு, கொடி கட்டிய கார் உண்டு,
கோப்பு மட்டும் டெல்லி போய்விட்டு வரும்.
(என் உதவித்தொகையும் போயிருக்கிறது,
ஏழு மாதமாய்.)

உட்கரு அனுப்புகிற ஒவ்வொரு புரதமும்
தலையில் முகவரிச் சீட்டோடு வருகிறது.
முள்ளோடைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்வதுபோல்
இரட்டைச் சவ்வு நிறுத்திப் பார்க்கும்,
உள்ளே விட்டதும் சீட்டைக் கத்தரிக்கும்.
அப்புறம் அவரவர் வேலை.
ஏட்டின் எந்தப் பக்கத்தை எப்போது படிப்பது
என்று சொல்ல ஒருவர்.
படித்தெடுத்த நகல் கிழியாமல் பிடித்துக்கொள்ள ஒருவர்.
இன்னொருவர் எழுத்தெழுத்தாய்த் தடவிக்கொண்டே போய்
ஒரே ஓர் எழுத்தை மாற்றிவிட்டு நகர்வார்,
வலி மிகும் இடம் தெரிந்த
மெய்ப்புத் திருத்துநர்போல்.

417-இல் அந்த ஒரு நாற்காலி காலி.

அக்னி நட்சத்திரம் எட்டாம் நாள்
டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
ஜெனரேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுக்
கலிவரதன் சொன்னார்,
"டீசலுக்கும் கோப்பு போயிருக்குங்க மேடம்."
தட்டுகளைத் தூக்கி
மாடிப்படி ஜன்னலோரம் அடுக்கினேன்.
417-ஐயும் எடுத்துப் போனேன். கைப்பழக்கம்.
முப்பத்து நான்கு டிகிரி,
உப்புக் காற்று,
மூன்று வருடத்தில் முதன்முறையாக
வேலை செய்யும்போது அலை கேட்டது.

ஆறாம் நாள் காலை
வெள்ளைக் குருத்தின் நடுவிலிருந்து
ஓர் இலை.
பச்சை.
இருமுறை எண்ணைப் பார்த்தேன். 417தான்.

முந்தைய இலைகள் மாறவில்லை.
வெளுத்தது வெளுத்ததுதான்.
உறைக்குள் சுருண்டு கிடக்கும்போதே
நடந்து முடிந்துவிடுகிறது அவற்றின் தீர்ப்பு,
வெளியே வந்தபின் வெயில் எவ்வளவு கெஞ்சினாலும்
மேல்முறையீடு கிடையாது.
புதியது மட்டும்
வெக்கையில் உருவானதால் தப்பித்தது.

அப்படியானால் அந்த நாற்காலிக்காரர்
குளிரில் மட்டுமே தேவைப்படுபவர்.
வெயில் காலத்தில் மற்றவர்கள்
எப்படியோ ஒப்பேற்றிக்கொள்கிறார்கள்.
மார்கழியிலும் மின்விசிறி சுற்றும் இந்த ஊரில்
பாகூர் வயலில் விதைத்திருந்தால்
யாருக்குத் தெரிந்திருக்கும் இதற்கொரு குறை என்று?
நாங்கள்தான் காசு கொடுத்து
குளிரை வாங்கி வந்து
அதைக் கண்டுபிடித்தோம்.

நோட்டில் பழைய வரியை அடித்தேன்.
பிழை இருக்கிறது என்று எழுதினேன்.
பிழைத்தும் இருக்கிறது.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழி
இந்த ஒரு நாள் எனக்கு உதவியது.

ஒன்பதாம் நாள் கரண்ட் வந்தது.
ஒருமுறை பார்த்ததை யாரும் நம்ப மாட்டார்கள்,
திரும்பச் செய்து காட்ட வேண்டும்.
417-இல் பாதியை ஜன்னலில் விட்டு
பாதியை இருபது டிகிரிக்குள் வைத்தேன்,
எந்தப் பாதி என்று
நான் தேர்ந்தெடுக்கவில்லை, சீட்டுக் குலுக்கினேன்.
கதவை இழுத்துச் சாத்தினேன்.
கடல் நின்றுபோனது.